மேற்குச் சுவரில் ஒரு வாசல்

ஜனவரி 9

பூங்காச் சீரமைப்புத் திட்டப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

இப்படித்தானே இனி உன்னைக் கூப்பிட வேண்டும்? உன் அண்ணன் வைத்த பெயரைச் சொல்லி, கொசு என்று தொடங்க இன்று எனக்கு மனசு வரவில்லை.

நேற்று மாலை பூங்காவிலிருந்து வந்ததும் உன் அண்ணன் ஒரே குஷி. "புதுசா ஒரு பலகை வெச்சிருக்கான். சீரமைப்புன்னு போட வேண்டிய எடத்துல சிரமைப்புன்னு போட்டிருக்கான். சிரமம்னு நெனச்சே அடிச்சிருப்பான் போல!" என்று சிரித்தார். அச்சகத்தில் பிழை திருத்தியே ஓய்வு பெற்ற மனிதர். என் பெயர் மறந்துவிட்டது. நெடிலும் குறிலும் மறக்கவில்லை.

என்ன பலகை என்று காலையில் அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மேற்குச் சுவரை இடித்துப் புது வாசல். கீழே உன் பெயர். நம் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருக்கிற பூங்காவை நீ மாற்றப் போகிற விஷயத்தை நான் ஒரு பலகையில் படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

போனில் கேட்கலாமே என்பாய். போன் மணி அடித்தாலே உன் அண்ணன் ஓடிவந்து பிடுங்குகிறார். "அம்மாவா? அம்மாவக் கூப்பிடு" என்று ஆரம்பித்தால் படுக்கப் போகும் வரை அதுதான். அதனால் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி எதுவானாலும் எழுது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தினமும் மாலையில் அவரைப் பூங்கா வாசலில் விட்டுவிட்டு வருவேன். ஒரு மணி நேரம் அவர் உள்ளே தனியாகச் சுற்றுவார். நான்கு பக்கமும் சுவர். வாசல் ஒன்றே ஒன்று. வெளியே வரப் பார்த்தால் காவல்காரர், "சார், இன்னிக்கு லீவு. ஆபீஸ் கெடையாது" என்பார். "அப்படியா? நல்லதாப் போச்சு" என்று இவர் சந்தோஷமாகத் திரும்பி இன்னொரு சுற்று போவார்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் குளிக்கிறேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கிறேன். மற்ற நேரமெல்லாம் குளியலறைக் கதவையும் திறந்துதான் வைத்திருக்கிறேன், அவர் என்ன செய்கிறார் என்று காதில் விழ வேண்டுமே. குளித்து முடித்து மீதி நேரம் தரையில் படுத்திருப்பேன். தூங்க மாட்டேன். சும்மா.

உன் வாசல் திறந்தால் எனக்கு இது போய்விடும். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அண்ணி


ஜனவரி 17

அன்புள்ள அண்ணி,

'அவர்களுக்கு' என்று போட்டிருந்ததால் உங்கள் கடிதத்தை அலுவலகக் கடிதம் என்று பிரித்துவிட்டார்கள். மனுக்கள் பிரிவில் முத்திரை குத்தி, 'மேற்கு வாசலுக்கு ஆட்சேபணை' என்று குறிப்பெழுதி என் மேசைக்கு அனுப்பினார்கள். நீங்கள் தாழ்ப்பாள் போட்டுக் குளிப்பது வரைக்கும் எங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். மன்னித்துவிடுங்கள். இனி வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

பலகை வைப்பதற்கு முன்பே நானே சொல்லியிருக்க வேண்டும். பல தடவை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, அண்ணி. காவல்காரர் அண்ணனோடு கூடவே நடப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் போயிருக்கிறீர்களா? நான் நம் வீட்டிலேயே வளர்ந்தவள், இந்த வேலைக்காகத்தான் முதல்முறை போனேன். பட்டறைத் தொழிலாளர் குடியிருப்பு. வெயில் சுவரில் பட்டு அப்படியே அவர்கள் வீட்டுக்குள் அடிக்கிறது. மாடியில் இருந்தால் நம் மரங்களின் உச்சி தெரியும். அந்த நிழலுக்கு வர அவர்கள் லாரிகள் போகிற சாலையைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வர வேண்டும். ஓரமாக நடக்க இடம் கிடையாது. போன வருடம் அங்கே ஒரு தையல்கார அம்மாவின் மகள், பள்ளிக்கூடம் விட்டுப் பூங்காவுக்கு வரும் வழியில் லாரியில் அடிபட்டாள். ஊன்றுகோல் வைத்துத்தான் நடக்கிறாள்.

பூங்காவைக் கட்டியவர்கள் நம் தெருவுக்காகக் கட்டினார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் வரக்கூடாது என்றுதான் சுவரை அவ்வளவு உயரம் எழுப்பினார்கள். பழைய வரைபடத்திலேயே அது ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. இப்போது பழைய கட்டுமானங்களைக் காக்கிற மரபுக் குழு அந்தச் சுவரில் ஒரு கல்லையும் தொடக்கூடாது என்கிறது. ஒரு வாசலுக்காக அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று சொன்னால் கோபப்படாதீர்கள். அண்ணனைப் போன்றவர்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று உங்கள் பக்கத்திலேயே இருப்பதாகக் கேள்விப்பட்டேன். விசாரிக்கட்டுமா?

உங்கள்
கொசு


ஜனவரி 24

கொசு,

விசாரிக்க வேண்டாம். நான் விசாரித்து, சேர்த்து, திரும்பக் கூட்டிக்கொண்டும் வந்தாயிற்று. அங்கே அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடாமல் கத்தியதில் குரல் கட்டிப்போய்விட்டது. வீட்டுக்கே ஒரு ஆளை வைத்தும் பார்த்தேன். அந்தப் பெண்ணைத் திருடி என்று நினைத்து அறைந்துவிட்டார். எறும்பைக்கூட ஊதித் தள்ளுகிறவர் உன் அண்ணன். அவள் அன்றைக்கே போய்விட்டாள். நியாயம்தானே?

நீ ஏன் இங்கே வருவதில்லை என்று எனக்குத் தெரியும். நீ எதிரில் இல்லாதபோது "கொசு எப்ப வருவா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எதிரில் வந்து நின்றால் "நீங்க யாரும்மா?" என்கிறார். போன தடவை நீ அடுப்படியில் வந்து நின்று அழுததைப் பார்த்தேன். உனக்கு வராமல் இருக்க முடிகிறது. எனக்கு அந்த வசதி இல்லை.

அந்தப் பெண் குழந்தையைப் பற்றிப் படித்தபின் தூக்கம் வரவில்லை. இது போதாதென்று அது வேறா? அதை எனக்கு ஏன் எழுதினாய்?

அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்துக்கு வார்த்தையில் பதில் எழுதினால் போதாது. அதனால் வேலை செய்தேன்.

பூங்காவின் நடுவில் இசை மேடையைச் சுற்றி வட்டத் தோட்டம் இருக்கிறதல்லவா? அதற்கு இடுப்பளவு இரும்பு வேலி உண்டு. அந்த வேலியை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே சுற்றிச் சுற்றி வரும்படி வரைபடத்தில் ஒரு பாதை போட்டிருக்கிறேன். எங்கே நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பாதை. முட்டி நிற்கிற மூலையே கிடையாது. அண்ணனைப் போன்றவர்களுக்கு முட்டி நின்றால்தான் பதற்றம் வருகிறது என்று ஒரு மருத்துவர் சொன்னார். அந்த வேலிக்கு ஒரே கதவு. கதவுக்குப் பக்கத்தில் காவல்காரரின் கூண்டு. வெளியே எத்தனை வாசல் திறந்தாலும் உள்ளே இது பத்திரமாக இருக்கும். ஓடிவிடும் சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

வரைந்து முடித்தபோது, வெகு நாளைக்குப் பிறகு, இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு அர்த்தம் இருப்பது மாதிரி இருந்தது.

ஆனால் நான் சொன்னால் எடுபடாது. வேலிக்குள் வேலி எதற்கு என்று கேட்பார்கள். இம்மாதக் கடைசி ஞாயிறன்று பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு பக்கத்து மக்களையும் கூப்பிட்டுக் கூட்டம் போடுகிறார்கள். அதே நாளில் மரபுக் குழு இங்கே தலைமையகத்தில் கூடுகிறது, நான் அங்கே இருந்தாக வேண்டும். நீங்கள் கூட்டத்துக்குப் போய், எனக்கு எழுதியதை அங்கே சொல்வீர்களா? குளியல் விஷயம் வேண்டாம். மற்றதை.

உங்கள்
கொசு


மார்ச் 2

அன்புள்ள கொசுவுக்கு,

போனேன். அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன், வேறு எங்கே விட்டுவிட்டுப் போவது?

இரும்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நம் தெருக்காரர்கள் ஜன்னலோரம், அவர்கள் கதவோரம். சொல்லிவைத்த மாதிரி நடுவில் ஒரு வரிசை காலி. நாங்கள் தாமதமாகப் போனதால் அந்தக் காலி வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. இவர் உட்கார்ந்ததும் மேடைத் துணியைப் பார்த்து, "'பொதுமக்கள் கருத்துகேட்பு'. 'க்' எங்கே?" என்று உரக்கக் கேட்டார். இரண்டு பக்கமும் சிரித்தது. கூட்டத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

என் முறை வந்ததும் எழுந்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என் கணவருக்கு ஞாபகம் போய்விட்டது, பூங்காவின் சுவர்தான் அவருக்குக் காவல், வாசலைத் திறந்தால் அவர் தொலைந்துபோவார், அந்த வட்டத் தோட்டத்து வேலியையாவது விட்டுவையுங்கள் என்றேன்.

கதவோரத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தோளில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்து வந்துவிட்டாள் போல. பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒரு சிறுமி. யார் என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அம்மா, உங்க கஷ்டம் புரியுது," என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆனா உங்க வீட்டுக்காரர உள்ள வெச்சுக்கறதுக்காக எங்க எல்லாரையும் வெளிய வெச்சிருக்கணுமா?"

அவள் தொடர்ந்தாள். "உங்க ஆளு தொலைஞ்சுருவாருன்னு நீங்க பயப்படறீங்க. எம்பொண்ணுக்கு ஆனது ஆயிருச்சு. இன்னும் எத்தன பிள்ளைங்க அந்த ரோட்ட சுத்தி வரும்? அந்த வட்டத் தோட்டம், வேலி, அதெல்லாம் வெச்சுக்கோங்க. எனக்கு ஒண்ணுமில்ல. வாசலுக்குக் குறுக்க மட்டும் நிக்காதீங்க."

நான் பதில் சொல்வதற்குள் உன் அண்ணன் எழுந்துவிட்டார். கூட்டமும் ஒலிபெருக்கியும் தாங்கவில்லை. "வீட்டுக்குப் போணும், வீட்டுக்குப் போணும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். எல்லோரும் பார்த்தார்கள். நம் தெருக்காரர் ஒருவர், "இவர ஏம்மா இங்க கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். ஓட்டெடுப்புக்கு முன்பே வெளியே வந்துவிட்டோம். வழியெல்லாம் இவர் என் கையை விடவே இல்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் "இது யாரு வீடு?" என்று கேட்டார்.

அவளை வெறுக்கலாம் என்று முயன்று பார்த்தேன். வரவில்லை. நியாயம் அவள் பக்கம்தான். ஆனால் அந்த நியாயம் வந்து என் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்குமா, கொசு?

வட்டத் தோட்டத்தைக் காப்பாற்றிக்கொடு. மற்றதுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

அண்ணி


மார்ச் 20

அண்ணி,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாசலுக்கு மரபுக் குழு ஒப்புக்கொண்டுவிட்டது. வட்டத் தோட்டத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த இரும்பு வேலி முதல் வரைபடத்தில் இல்லையாம். பிற்காலத்தில் யாரோ போட்டதாம். "சுவரை உடைக்க விட்டுக்கொடுத்தோம். அதற்குப் பதிலாக உள்ளே இருப்பதையாவது பழையபடி ஆக்க வேண்டும்" என்றார் குழுத் தலைவர். வேலியை எடுத்துவிட வேண்டும், உள்ளே எந்தத் தடுப்பும் புதிதாக வரக்கூடாது. அது நிபந்தனை. ஏற்காவிட்டால் மொத்தத் திட்டமும் மறுபடி முதலிலிருந்து. முன்பு ஒருமுறை அப்படித்தான் திரும்பிப்போய் ஒரு தலைமுறை கிடப்பில் கிடந்தது.

ஒருவருக்காக ஒரு தோட்டத்தை வளைக்க முடியுமா என்றும் கேட்டார். ஒருவர் இல்லை, இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றேன். "எங்கே? யாரும் வந்து கேட்கவில்லையே?" என்றார். அவர்களால் வர முடிந்தால் இந்த வேலியே தேவைப்படாது என்று எனக்கு மாடிப்படியில் இறங்கும்போதுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் பதில் படியில் இறங்கும்போதுதான் வரும்.

என் மேலதிகாரி தாளை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன்.

என் சொந்த அண்ணனுக்கு எதிராகப் போட்ட மாதிரியும் இருக்கிறது, அந்தப் பிள்ளைகளுக்காகப் போட்ட மாதிரியும் இருக்கிறது. இரண்டும் ஒரே கையெழுத்து.

வேலை அடுத்த மாதம் தொடங்கும். முடியும் வரை பூங்காவை மூடி வைப்பார்கள். இதையும் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். திட்டியாவது எழுதுங்கள்.

கொசு


ஜூன் 14

கொசு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுத நேரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருபத்துநாலு மணி நேரமும் வீட்டிலேதான் இருக்கிறேன்.

பூங்கா மூடிய முதல் வாரம் தினமும் மாலையானால் செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பார். "இன்னிக்கு லீவுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். காவல்காரர் சொன்னால் கேட்கிறவர் நான் சொன்னால் கேட்கவில்லை. கதவைத் தட்டினார், உதைத்தார், பிறகு கைப்பிடியைப் பிடித்துத் திருகித் திருகிக் கழற்றியேவிட்டார். மருந்துக் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். கதவு மறையும்படி அதே சுவர் நிறத்தில் ஒரு திரையைத் தொங்கவிட்டேன். இப்போது இவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே அறை அறையாகப் போகிறார். "வழி எங்க? இந்த வீட்டுக்கு வழியே வெக்கலியா? எந்த முட்டாள் கட்டினான்?" என்கிறார்.

அது என் காரியம். ஒரு மனிதன் கண்ணிலிருந்து கதவையே எடுத்துவிட்டேன்.

சாவி என் இடுப்பில் கிடக்கிறது. தூங்கும்போதும். அவரைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று நினைத்தால், நானும் அதே பூட்டுக்கு உள்ளேதான் இருக்கிறேன். சில நாள் எனக்கே அந்தத் திரைக்குப் பின்னால் கதவு இருப்பது மறந்துபோகிறது. காய்கறிக்காரர் கீழேயிருந்து குரல் கொடுத்தால் ஜன்னலில் கூடையை இறக்குகிறேன். எதிர்வீட்டம்மா, "என்ன, ஆளையே பாக்க முடியல? உள்ளயே சுகமா இருக்கீங்க போல" என்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன செவ்வாய்க்கிழமை நீ வந்திருந்தாய். மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு மேற்குச் சுவருக்குப் பக்கத்தில் நின்றாய். இடிக்கிறவர்களுக்கு ஏதோ கைகாட்டிச் சொன்னாய். நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். உன் அண்ணனும் பார்த்தார். "யாரோ பொண்ணு வெயில்ல நிக்குது பாவம். கூப்பிட்டுத் தண்ணி குடு" என்றார். தண்ணீரை எடுத்துவைத்தேன். சாயங்காலம் வரை மேசைமேல் இருந்தது.

அண்ணி


ஜூன் 22

அண்ணி,

அன்றைக்கு நம் வீட்டு மாடிப்படி வரை வந்தேன். முதல் திருப்பத்தில் நின்றேன். மேலே அண்ணன் குரல் கேட்டது, "வழி எங்க" என்று. காண்ட்ராக்டர் கீழேயிருந்து கூப்பிட்டார். கூப்பிட்டதே நல்லது என்று இறங்கிவிட்டேன்.

கொசு


அக்டோபர் 6

அன்புள்ள கொசுவுக்கு,

உன் பூங்கா திறந்துவிட்டது. நீ மேடையில் பெரியவர்களுக்குப் பின்னால் நின்றதாகவும், சாயங்கால ரயிலுக்கே ஓடிவிட்டதாகவும் காவல்காரர் சொன்னார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கப்போவதில்லை. மறுநாள் நடந்ததைச் சொல்கிறேன்.

மாலையில் திரையை விலக்கிக் கதவைத் திறந்தேன். மாதக்கணக்கில் அடைந்து கிடந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி இறங்கினார். பூங்காவில் கூட்டமான கூட்டம். பிள்ளைகள், சைக்கிள்கள், பாய் விரித்துப் படுத்திருக்கிற கிழவர்கள், பெஞ்சு கிடைக்காமல் புல்லில் உட்கார்ந்திருக்கிற பெண்கள். அங்கே அவ்வளவு சத்தம் நான் கேட்டதே இல்லை. நன்றாகத்தான் இருந்தது. மனசாரச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது.

என் செருப்பு வார் கழன்றது. குனிந்து மாட்டி நிமிர்ந்தேன். ஆளைக் காணோம்.

வட்டத் தோட்டத்துக்கு ஓடினேன். வேலி இருந்த இடத்தில் புல் நட்டிருந்தார்கள். முன்வாசலில் காவல்காரர், "இந்தப் பக்கம் வரலம்மா" என்றார். அப்படியென்றால் மேற்கு வாசல். அந்த வாசலைத் தாண்டி வாழ்க்கையில் முதல்முறை அந்தக் குடியிருப்புக்குள் போனேன். எல்லாத் தெருவும் ஒரே மாதிரி, எல்லா வீடும் ஒரே நீலம். தெருக்கோடியில் லாரிகள் போகிற சத்தம். பார்க்கிறவர்களிடமெல்லாம் "வெள்ளைச் சட்டை, உயரமா, கண்ணாடி போட்டவர்" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். அவர் பெயரைக் கத்திக் கூப்பிட்டு என்ன பயன், அது அவருக்கே தெரியாது.

ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அந்தச் சிறுமி. "பாட்டி, 'க்' எங்கன்னு கேட்டாரே, அந்தத் தாத்தாவா?" என்றாள். "எங்க வீட்லதான் இருக்காரு."

தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வெட்டிப்போட்ட துணித் துண்டுகளை நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. நான் போய், "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றதும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். "இவகூட நான் போக மாட்டேன். இவ என்னப் பூட்டி வெக்கிறா."

வாசலில் ஆள் கூடிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் சொன்னது உண்மை.

அந்த அம்மாதான் கதவைச் சாத்தினாள். எனக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். கூட்டத்தில் என்னை மடக்கினவள். கொஞ்ச நேரம் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான் அன்னிக்கு சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றாள்.

"தப்பில்ல," என்றேன்.

"வியாழக்கெழம எனக்கு வேலை கம்மி. ஒரு மணி நேரம் இங்க இருக்கட்டும். தெனமும்லாம் என்னால முடியாது, மொதல்லயே சொல்லிட்டேன். எனக்கும் இந்த மிஷினு, இந்தப் பொண்ணு, இந்த வீடு. நானும் எங்கயும் போறதில்ல."

இருட்டும் முன் ஒருவழியாகக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியில் என் முழங்கையில் கீறிவிட்டார். வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டித் திரையை இழுத்துவிட்டேன்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம். தினமும் இருந்ததை வாரத்துக்கு ஒருமுறை ஆக்கியிருக்கிறாய். அதுவும் உன்னால் கிடைத்ததில்லை.

அண்ணி


அக்டோபர் 13

அன்புள்ள அண்ணி,

படித்துவிட்டு லீவு கேட்டேன். இறுதி ஆய்வு முடியும் வரை யாருக்கும் லீவு இல்லை என்று தட்டிக்கழித்துவிட்டார்கள். திரும்பவும் கேட்பேன். எங்கள் துறைப் பத்திரிகையில் பூங்காவின் படம் அட்டையில் வந்திருக்கிறது. எல்லோரும் கைகொடுக்கிறார்கள். ஒவ்வொரு கைக்கும் உங்கள் முழங்கைதான் ஞாபகம் வருகிறது.

கீறலுக்கு மருந்து போட்டீர்களா?

கொசு


நவம்பர் 3

கொசு,

போட்டேன். ஆறிவிட்டது. இது வேறு விஷயம். உட்கார்ந்து படி.

நேற்று முன்தினம் வியாழக்கிழமை. அவரைத் தையல்கார அம்மா வீட்டில் விட்டேன். திரும்பி வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம் என்றுதான் புறப்பட்டேன். தெருமுனையில் ஒரு பேருந்து நின்றது. எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஊரைத் தாண்டியது. காற்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் ஒரு பெண் பேச்சுக் கொடுத்தாள். "எங்க போறீங்க?" என்றாள். "தங்கச்சி வீட்டுக்கு" என்றேன். எனக்குத் தங்கையே கிடையாது. "எத்தன பிள்ளைங்க அவங்களுக்கு?" என்றாள். "மூணு" என்றேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். என்னை யாருக்கும் தெரியாத இடத்தில் இருப்பது எவ்வளவு இலேசாக இருந்தது தெரியுமா?

கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன். அங்கே ஒரு ரயில் நிலையம். பலகையில் ஊர்ப் பெயர்கள் ஓடின. ஒரு பெயரைப் பார்த்து, அங்கே போய் ஒரு அறை எடுத்து, கதவைத் திறந்து போட்டுவிட்டு இருக்கலாம் என்று நினைத்தேன். வெறும் நினைப்பு இல்லை. டிக்கெட் வரிசையில் போய் நின்றுவிட்டேன். முன்னால் ஒருவர்தான் பாக்கி.

அவர் நகர்ந்ததும் ஜன்னலுக்குள் இருந்தவர், "எங்க?" என்றார். நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்றவர் தள்ளினார். நகர்ந்துவிட்டேன்.

திரும்பி வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். தையல்கார அம்மா வாசலில் நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

இந்தத் தடவை வந்துவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை வருவேனா என்று எனக்கே தெரியாது. மிரட்டுவதற்காக எழுதவில்லை. பயந்துபோய் எழுதுகிறேன். உன் துறையிடம் லீவு கேட்காதே. சொல்லிவிட்டு வா.

அண்ணி


டிசம்பர் 5

அன்புள்ள அண்ணி,

உங்கள் அக்கா வீட்டில் குளிர் எப்படி இருக்கிறது? நான் துறையில் சொல்லிவிட்டு இங்கே வந்து சேர்ந்த அன்று, போனதும் எழுதுகிறேன் என்றுதான் கிளம்பினீர்கள். இரண்டு வாரத்தில் வருகிறேன் என்றும் சொன்னீர்கள். இரண்டு வாரம் தாண்டிவிட்டது. எதுவும் வரவில்லை.

அண்ணன் நன்றாக இருக்கிறார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அச்சகத்துக்குப் புதிதாக வந்த பெண் என்று வைத்துக்கொண்டிருக்கிறார். சாப்பாடு கொண்டுபோனால், "ப்ரூஃப் எங்கம்மா?" என்கிறார். பழைய செய்தித்தாளைக் கொடுத்து உட்காரவைத்தால் பென்சிலோடு கொஞ்ச நேரம் ஓடுகிறது. பிறகு எழுந்து சுவரைத் தடவ ஆரம்பிக்கிறார். இரண்டு தடவை நானும் திரையைக் கவனிக்காமல் தாண்டிப் போய், கதவைத் தேடி நின்றேன்.

முதல் நாள் மாலையில் அவரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். நான் வரைந்த பூங்கா. எந்த மரத்துக்குக் கீழே எந்த பெஞ்சு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். உள்ளே போனது முதல் நான் அவர் சட்டைக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. மேற்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த பிறகு யோசித்தால் ஒரு மரம்கூட நினைவில் இல்லை. அதற்குப் பிறகு போகவில்லை. ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். மாலையானால் நிரம்பி வழிகிறது. அந்தச் சிறுமி ஊன்றுகோலைப் புல்லில் போட்டுவிட்டு ஊஞ்சலில் ஏறுகிறாள்.

ஒரு விஷயம். வேலையை விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த ஊர்ப் பூங்காக்களின் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். பதவி இறக்கம்தான், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். காலையில் நான் வேலைக்குப் போனால் நீங்கள் இருக்க வேண்டும். மாலை முழுக்க என்னுடையது. நீங்கள் வெளியே போகலாம். எங்கே என்று கேட்க மாட்டேன்.

வட்டத் தோட்டத்து வேலிக்காக மறுபடி மனு எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை தையல்கார அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நடக்குமா என்று தெரியாது. நடந்தாலும் வருடக்கணக்காகும்.

வாருங்கள் என்று எழுதத்தான் இதை ஆரம்பித்தேன். நேற்று குளியலறையில் இருந்தபோது ஏதோ விழுந்து உடைந்த சத்தம். ஈரத்தோடு ஓடிவந்தேன். தண்ணீர் ஜாடி. அவர் அதன் நடுவில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, "ஜாக்கிரதைம்மா, கண்ணாடி குத்திரும்" என்று என்னைத்தான் எச்சரித்தார். அவரைத் தூக்கி அந்தப் பக்கம் விட முடியவில்லை, நகராதீர்கள் என்றால் புரியவில்லை. கூட்டி முடிக்கும் வரை ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். இதை எத்தனை வருடமாக நீங்கள் தனியாகச் செய்தீர்கள் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

அதனால் இப்போது வேறு மாதிரி எழுதுகிறேன். அவசரப்பட வேண்டாம். இன்னும் ஒரு வாரம் இருங்கள். ஆனால் வந்துவிடுங்கள், அண்ணி.

எழுதி முடித்துவிட்டேன். தபால்பெட்டி தெருமுனையில்தான் இருக்கிறது, ஜன்னலிலிருந்து தெரிகிறது. போய்ப் போட்டுவிட்டு வர முடியவில்லை. வியாழக்கிழமை தையல்கார அம்மா அவரைக் கூட்டிப்போக வருவார். அதுவரை இது மேசைமேல் இருக்கும்.

உங்கள்
கொசு